கூண்டு ஏற்றிய கேப்டன்: ராபர்ட் ஃபிட்ஸ்ராயும் அவர் விட்டுச்சென்ற காகிதங்களும்

பீகிள் கப்பலின் கேப்டனும் பிரிட்டனில் புயல் எச்சரிக்கையைத் தொடங்கியவருமான ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் காகிதங்கள் இங்கிலாந்தில் நான்கு ஊர்களில் பிரிந்து கிடக்கின்றன. லண்டனை ஒட்டிய கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் லாக் புத்தகங்கள் எனப்படும் கப்பலின் தினசரிப் பதிவேடுகளும், நியூசிலாந்து ஆளுநராக இருந்தபோது அவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. டான்டனில் உள்ள கடலளவை அலுவலகத்தில், தென் அமெரிக்கக் கரையை அங்குலம் அங்குலமாக அளந்து அவர் அனுப்பிய வரைபடங்கள். எக்ஸிடரில் உள்ள வானிலை ஆவணக் காப்பகத்தில், அவருடைய அலுவலகம் தினமும் வெளியிட்ட வானிலைத் தாள்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில், இளம் அதிகாரியாகக் கடலிலிருந்து குடும்பத்தாருக்கு அவர் எழுதிய கடிதங்கள்.

ஆனால் அவரைப் பற்றி உலகம் படித்தது இந்த நான்கையும் அல்ல. ஐந்தாவதாக ஒரு காகிதக் கட்டை. அது சார்லஸ் டார்வினுடையது. பீகிள் கப்பலில் ஐந்து ஆண்டுகள் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட இளைஞர், வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் தன் கேப்டனை வரைந்து வைத்தார். கோபக்காரர், பிரபு வம்சத்துத் திமிர் உடையவர், டார்வினின் மூக்கின் வடிவத்தைப் பார்த்து இவனுக்கு மனஉறுதி இருக்காது என்று முதலில் தயங்கியவர், பின்னாளில் பைபிளைத் தூக்கிக்கொண்டு பரிணாமக் கொள்கையை எதிர்த்தவர். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றி அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய நாட்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய வரலாற்றை எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஆகிவிட்டது ஃபிட்ஸ்ராயின் கதை.

அவருடைய சொந்தத் தாள்களில் தெரிபவர் வேறு ஆள். எதையும் குறித்து வைக்காமல் இருக்க முடியாதவர். அரசாங்கம் பணம் ஒதுக்கும்வரை காத்திருக்கத் தெரியாதவர்.

1805ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று சஃபோக் பகுதியில் உள்ள ஆம்ப்டன் மாளிகையில் பிறந்தார். பிரதமராக இருந்த மூன்றாம் கிராஃப்டன் கோமகனின் பேரன். ஃபிட்ஸ்ராய் என்ற குடும்பப் பெயருக்கே அரசனின் மகன் என்று பொருள். இரண்டாம் சார்லஸ் மன்னனுக்கு மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த மகனின் வழி. தாய்வழி மாமா காசல்ரே, வெளியுறவு அமைச்சராக இருந்தவர். 1822இல் பேனாக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அந்தச் சாவின் நிழல் தன்மேல் விழுந்திருக்கிறதோ என்ற பயம் ஃபிட்ஸ்ராயை ஆயுள் முழுவதும் விடவில்லை.

பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். லெஃப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகள் சிபாரிசில் பதவி உயர்வு பெற்ற காலம் அது. இவருக்குச் சிபாரிசும் இருந்தது, படிப்பும் இருந்தது.

பீகிள் அவர் கைக்கு வந்தது ஒரு சாவினால். தென் அமெரிக்காவின் தென்கோடியில் மெகெல்லன் நீரிணைப் பகுதியை அளந்துகொண்டிருந்த கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், மாதக்கணக்கில் மழையும் குளிரும் தனிமையும் வாட்டியதில் மனம் உடைந்து, 1828 ஆகஸ்டில் தன் அறைக்குள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். பட்டினித் துறைமுகம் என்று பொருள்படும் பெயர்கொண்ட இடத்தில் அது நடந்தது. உயிர் போக மேலும் பல நாட்கள் ஆயின. ரியோவில் இருந்த தளபதி ஆட்வே, தன் உதவி அதிகாரியாக இருந்த 23 வயது ஃபிட்ஸ்ராயை அந்தக் காலி இடத்தில் அமர்த்தினார்.

பொறுப்பேற்ற சில வாரங்களில் அவருக்கு முதல் பாடம் கிடைத்தது. 1829 ஜனவரி இறுதியில், லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில் மால்டொனாடோ அருகே கப்பல் போய்க்கொண்டிருந்தது. காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானியில் பாதரசம் இறங்கியது. புயலுக்கான அறிகுறி அது. அதைப் பார்த்தார்கள், அதற்குரிய மரியாதை தரவில்லை. பம்பெரோ என்று அங்கே சொல்லும் திடீர்ச் சூறாவளி வந்து கப்பலைப் பக்கவாட்டில் சாய்த்தது. மேல் பாய்மரங்கள் முறிந்தன. உச்சியில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு மாலுமிகள் கடலில் வீசப்பட்டு மூழ்கினார்கள். கருவி சொன்னதைத் தான் காதில் வாங்கவில்லை என்பதை ஃபிட்ஸ்ராய் மறைக்கவில்லை. தன் பயண நூலில் தானே எழுதினார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் அவர் செய்த காரியத்தின் வேர் இங்கே இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடற்படைக் கப்பலின் லாக் புத்தகம் எப்படி இருக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மணிக்கு ஒரு வரி. கப்பல் போகும் திசை, வேகம், காற்று வீசும் திசை. காற்றின் வலிமையைப் பழைய கேப்டன்கள் ‘நல்ல காற்று’, ‘பலமான காற்று’ என்று மனம்போன வார்த்தையில் எழுதினார்கள். ஒருவருடைய பலமான காற்று இன்னொருவருக்கு வெறும் தென்றல். கடலளவைத் துறைத் தலைவர் ஃபிரான்சிஸ் போஃபர்ட் இதற்கு 0 முதல் 12 வரை எண் கொடுத்தார். வானத்தின் நிலைக்கு ஒற்றை எழுத்துக் குறிகள் கொடுத்தார். நீல வானத்துக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று, திடீர்க் காற்றடிக்கு ஒன்று. இந்த அளவுகோலை ஒரு முழுப் பயணத்திலும் அதிகாரபூர்வமாகக் கையாண்ட முதல் கப்பல் பீகிள்தான். நடுக்கடலில் நள்ளிரவில் ஒரு காவல் அதிகாரி கிறுக்கிய எண்ணை, வேறு ஆண்டில் வேறு கடலில் வேறொருவர் கிறுக்கிய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற நிலை அதிலிருந்துதான் வந்தது.

முதல் பயணத்தில் ஒரு படகு திருட்டுப் போனதற்காக தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுக்கூட்டமான டியர்ரா டெல் ஃபியூகோவின் மக்களில் சிலரைப் பிணையாகப் பிடித்து, கடைசியில் நான்கு பேரை இங்கிலாந்துக்கே கொண்டுவந்தார் ஃபிட்ஸ்ராய். அவர்களில் ஒரு சிறுவனுக்கு ஜெம்மி பட்டன் என்று பெயர் வைத்தார்கள். சிப்பிப் பொத்தான் ஒன்றைக் கொடுத்து வாங்கியதால் அந்தப் பெயர். ஒருவர் அம்மை கண்டு இறந்தார். மற்ற மூவருக்கும் ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்பித்து, மன்னர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, திரும்ப ஊரில் விட்டால் அவர்கள் வழியாக நாகரிகம் பரவும் என்று நம்பினார். 1833இல் கொண்டுபோய் விட்டார். மறு ஆண்டு போய்ப் பார்த்தபோது ஜெம்மி தன் மக்களோடு, தன் பழைய வாழ்க்கையில் இருந்தான். இங்கிலாந்து திரும்ப விரும்பவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த ஆட்கடத்தல் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பயணம் 1831 டிசம்பர் 27 அன்று பிளிமத்திலிருந்து தொடங்கியது. கேப்டனுக்கு 26 வயது. உடன் வந்த டார்வினுக்கு 22. டார்வினை அழைத்ததற்கு ஒரு காரணம், கேப்டனோடு சமமாக உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்பது. கடற்படை வழக்கப்படி கேப்டன் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். தனிமை ஸ்டோக்ஸை என்ன செய்தது என்பதும், மாமா எப்படிச் செத்தார் என்பதும் ஃபிட்ஸ்ராய்க்கு மறக்கவில்லை.

சுமார் 90 அடி நீளக் கப்பலில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள். அதில் 22 குரோனோமீட்டர்கள். துல்லியமான இந்தக் கடிகாரங்கள் இருந்தால்தான் நிலநேர்க்கோட்டைக் கணக்கிட முடியும். இவற்றில் பாதியைத்தான் அரசு கொடுத்தது. ஆறு ஃபிட்ஸ்ராயின் சொந்தப் பணத்தில் வந்தவை. மரத்தூள் நிரப்பிய பெட்டிகளில் அவற்றை வைத்து, பராமரிக்கவென்றே ஸ்டெபிங் என்ற கருவித் தொழிலாளியை வேலைக்கு அமர்த்தினார். அந்தச் சம்பளமும் அவர் பையிலிருந்துதான். ஓவியர் அகஸ்டஸ் எர்லின் செலவும் அவருடையது. பயணம் முடிந்து உலகைச் சுற்றிய நிலநேர்க்கோட்டு வித்தியாசங்களையெல்லாம் நேரக் கணக்கில் கூட்டிப் பார்த்தபோது, சரியாக வர வேண்டிய 24 மணி நேரத்துக்கு மேல் 33 வினாடி மட்டும் அதிகம் வந்தது. ஐந்து ஆண்டு, உலகம் முழுவதும், 33 வினாடி. அந்தப் பிழையையும் அவர் ஒளிக்காமல் அச்சில் போட்டார்.

பணத்தில்தான் சிக்கல் வந்தது. ஆழமில்லாத கரையோரங்களைப் பீகிளால் நெருங்க முடியாது என்பதால் இரண்டு சிறு கப்பல்களை வாடகைக்கு எடுத்தார். பிறகு ஃபாக்லாந்து தீவில் யூனிகார்ன் என்ற பாய்க்கப்பலை ஏறக்குறைய 1,300 பவுண்டு சொந்தப் பணம் கொடுத்து வாங்கி, அட்வென்ச்சர் என்று பெயரிட்டார். முதலில் வாங்கிவிட்டு, அதன்பின் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டிக்குக் கடிதம் எழுதினார். அரசு அலுவலகத்தில் ஒரு நாள் வேலை பார்த்தவருக்கும் இதன் முடிவு தெரியும். அனுமதி மறுக்கப்பட்டது, பணமும் வரவில்லை. 1834இல் வால்பரைசோவில் கப்பலை விற்க நேர்ந்தது. அந்த வாரங்களில் அவருடைய மனநிலை குலைந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது, குடும்பத்திலேயே உள்ளது என்று சொல்லித் தலைமைப் பதவியை விட்டுவிட்டார். துணை அதிகாரி விக்கம் பேசிப் பேசி அந்த முடிவை மாற்றினார். அவர் மாற்றியிராவிட்டால் பீகிள் நேராக ஊர் திரும்பியிருக்கும். டார்வின் கலாபகஸ் தீவுகளைப் பார்த்திருக்க மாட்டார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் இதைச் சொல்கிறார். அந்தப் பகுதிக்கு நாம் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

1836 அக்டோபர் 2 அன்று ஃபால்மத் வந்து சேர்ந்தார்கள். பயண நூல் 1839இல் வெளியானது. டார்வினின் தொகுதி தனியாக விற்றுத் தீர்ந்தது. ஃபிட்ஸ்ராய் எழுதியது, கடைசியில் நோவா காலத்துப் பெருவெள்ளத்தைப் பற்றிய அத்தியாயத்தோடு, அலமாரியில் தங்கிவிட்டது.

பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1841இல் டர்ஹாம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1843 டிசம்பரில் நியூசிலாந்தின் ஆளுநர். அவர் போய்ச் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு வைராவ் என்ற இடத்தில் நிலத் தகராறில் குடியேறிகளும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களும் மோதி, இருபதுக்கும் மேற்பட்ட குடியேறிகள் இறந்திருந்தார்கள். விசாரித்த ஃபிட்ஸ்ராய், முதல் தவறு குடியேறிகளுடையது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். கருவூலத்தில் காசு இல்லை. கடன் பத்திரங்களை அச்சடித்தார், சுங்க வரியை எடுத்தார், மறுபடி போட்டார். குடியேறிகள் லண்டனுக்குப் புகார் மேல் புகார் அனுப்பினார்கள். ஹோனே ஹெகே என்ற மாவோரித் தலைவர் கொரோராரெக்காவில் ஆங்கிலக் கொடிக்கம்பத்தை மறுபடி மறுபடி வெட்டிச் சாய்த்தார். 1845இல் ஃபிட்ஸ்ராய் திரும்ப அழைக்கப்பட்டார். நிர்வாகத்தில் அவர் திறமை இல்லாதவர் என்பதில் சந்தேகம் இல்லை; வைராவ் விஷயத்தில் அவர் சொன்ன தீர்ப்பு சரி என்பதிலும் சந்தேகம் இல்லை.

1854இல் பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியத்தில் வானிலைப் புள்ளிவிவரத் துறை என்று சிறியதாக ஒன்று தொடங்கினார்கள். வேலை என்ன? கப்பல்களிலிருந்து வரும் காற்று, அழுத்தக் குறிப்புகளைச் சேர்த்து அட்டவணை போடுவது. மூன்று குமாஸ்தாக்கள். ஓய்வை நெருங்கிய ஒரு கேப்டனைக் கொண்டுபோய் உட்காரவைக்கும் நாற்காலி. அதில் ஃபிட்ஸ்ராயை அமர்த்தினார்கள். வேறொருவர் என்றால் அட்டவணை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பார். இவர் மீனவக் கிராமங்களுக்குப் பாரமானி வாங்கிக் கொடுத்தார். துறைமுகச் சுவரில் மாட்டி, பாதரசம் இறங்கினால் என்ன பொருள் என்பதை மீனவர்களுக்குப் புரியும் எளிய வரிகளில் எழுதிவைத்தார்.

1859 அக்டோபர் 25 இரவு. மெல்போர்னிலிருந்து தங்கம் தோண்டியவர்களையும் அவர்களுடைய தங்கத்தையும் ஏற்றிக்கொண்டு ராயல் சார்ட்டர் என்ற கப்பல் லிவர்பூலை நெருங்கிவிட்டது. வேல்ஸ் பகுதியின் ஆங்கிள்சீ தீவருகே புயல் அதைப் பாறையில் மோதி உடைத்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். ஃபிட்ஸ்ராய் அந்தப் புயலின் குறிப்புகளைக் கரை முழுவதிலிருந்தும் திரட்டி வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். புயல் ஓர் இடத்தில் தோன்றி நகர்ந்து வந்திருக்கிறது. புயலை விடத் தந்தி வேகமாகப் போகும். அப்படியானால் தெற்கே காற்று திரும்பியதும் வடக்கே சொல்லிவிடலாமே?

1861 பிப்ரவரியில் முதல் புயல் எச்சரிக்கை துறைமுகங்களுக்குப் போனது. அவருடைய அலுவலகத்தின் காலை நேரத்தை அவரே 1863இல் வெளியிட்ட தன் வானிலை நூலில் விவரிக்கிறார். பார்லிமென்ட் தெருவில் உள்ள அறைக்குப் பத்து மணிக்குத் தந்திகள் வந்து சேரும். கருவியின் பிழை, கடல் மட்டத்திலிருந்து உயரம், வெப்பநிலை ஆகியவற்றுக்காக ஒவ்வோர் எண்ணையும் திருத்துவார்கள். முந்தைய நாள் தாளோடு ஒப்பிடுவார்கள். தலைவரோ அவருடைய உதவியாளரோ அடுத்த இரண்டு நாட்களுக்கான நிலையைக் கணிப்பார். பதினோரு மணிக்கு டைம்ஸ் நாளிதழுக்கும் கப்பல் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸுக்கும் அட்மிரால்டிக்கும் தாள் போய்விடும். ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தந்தி வராது.

துறைமுகத்தில் தந்தி கிடைத்ததும் கம்பத்தில் கறுப்புக் கித்தானால் ஆன உருவங்களை ஏற்றுவார்கள். கூம்பு நுனி மேலே இருந்தால் வடக்கிலிருந்து புயல்காற்று. நுனி கீழே இருந்தால் தெற்கிலிருந்து. உருளை என்றால் அடுத்தடுத்து வெவ்வேறு திசைகளிலிருந்து. கூம்பும் உருளையும் சேர்ந்தால் ஆபத்து. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கூம்பு கூம்பாகவும் உருளை உருளையாகவும் தெரியும். கொடி அப்படி இல்லை, காற்று இல்லையென்றால் துவண்டு தொங்கும். படிக்கத் தெரியாத மீனவருக்கும் தூரத்திலிருந்தே புரியும். பல ஆண்டுகள் கப்பல் தளத்தில் நின்றவரின் யோசனை அது.

நம் செய்தித்தாள்கள் ‘நாகை, பாம்பன் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று எழுதும் கூண்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1864 அக்டோபரில் கல்கத்தாவையும் அடுத்த மாதம் மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் தாக்கிப் பல்லாயிரம் பேர் மாண்ட பிறகு, 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கியது. பின்னர் மற்ற இந்தியத் துறைமுகங்களுக்கும் வந்தது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் விளக்குகள். எண்கள் 1 முதல் 11 வரை வளர்ந்திருக்கின்றன.

1861 ஆகஸ்ட் 1 அன்று, எச்சரிக்கையோடு நிற்காமல், பொதுமக்களுக்கான முதல் வானிலைக் கணிப்பு டைம்ஸில் வந்தது. வடக்கே மிதமான மேற்குக் காற்று, நல்ல வானிலை, மேற்கே மிதமான தென்மேற்குக் காற்று, நல்ல வானிலை, இப்படிச் சில வரிகள்தான். இன்று வானிலைக் கணிப்புக்கு உலகம் முழுவதும் வழங்கும் ‘ஃபோர்காஸ்ட்’ (forecast) என்ற ஆங்கிலச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஜோதிடம், ஆரூடம் என்ற வாடை வரக்கூடாது, இது கணக்கிட்டுச் சொல்லும் கருத்து என்று வலியுறுத்தினார். வைட் தீவுக்குக் கடல் கடக்கும் முன் விக்டோரியா அரசியே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி வானிலை கேட்டாராம்.

கணிப்பு தவறிய நாட்களும் வந்தன. தவறத்தானே செய்யும்? டைம்ஸ் நாளிதழே அவரைக் கிண்டல் செய்தது. கூம்பு ஏறியதால் படகுகள் கரையிலேயே நின்றன, வருமானம் போயிற்று என்று மீன்பிடிப் படகு முதலாளிகள் கூச்சலிட்டார்கள். படகில் போகும் மீனவர்கள் கூச்சலிட்டதாகத் தெரியவில்லை. அறிவியலாளர்களின் குறையில் நியாயம் இருந்தது: எந்த விதியைக் கொண்டு கணிக்கிறார் என்பதை ஃபிட்ஸ்ராயால் தெளிவாக எழுதிக்காட்ட முடியவில்லை. மாலுமியின் அனுபவ ஞானம் கையில் இருந்தது, சமன்பாடு இல்லை.

1860இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த புகழ்பெற்ற பரிணாம விவாதத்தில் பைபிளை உயர்த்திப் பிடித்தவர் அவர். புயல்களைப் பற்றிய கட்டுரை படிக்கத்தான் அந்த மாநாட்டுக்கு வந்திருந்தார் என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

முதல் மனைவி 1852இலும் மூத்த மகள் 1856இலும் இறந்திருந்தார்கள். காது மங்கியது, உடல் தளர்ந்தது, கையிலிருந்த செல்வம் கரைந்துவிட்டது. 1863இல் வைஸ் அட்மிரல் ஆனது பெயரளவில்தான். 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பர் நார்வுட் வீட்டில் எழுந்தவர், மகளை முத்தமிட்டுவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார். சவரக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டார். 59 வயது. கடன் மிச்சமிருந்தது. நண்பர்கள் எடுத்த முயற்சியில் குடும்பத்துக்கு அரசு 3,000 பவுண்டு கொடுத்தது. டார்வின் 100 பவுண்டு தந்தார்.

இறந்த பிறகு அவருடைய காகிதங்கள்மேல் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. தலைவர் ஃபிரான்சிஸ் கால்டன், டார்வினின் உறவினர். கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். 1866 டிசம்பரில் கூம்புகளும் இறங்கின. கரையோரத்திலிருந்து எழுந்த எதிர்ப்பில், மறு ஆண்டே எச்சரிக்கைகள் திரும்ப வந்தன. 1875 ஏப்ரல் 1 அன்று டைம்ஸ் தன் முதல் வானிலை வரைபடத்தை வெளியிட்டது. வரைந்தவர் கால்டன்.

2002இல் பிரிட்டிஷ் கப்பல்களுக்கான வானொலி வானிலை அறிவிப்பில் ஃபினிஸ்டெர் என்றிருந்த கடற்பரப்புக்கு ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். எக்ஸிடரில் இருக்கும் தினசரித் தாள்களின் எண்களை, கேம்பிரிட்ஜ் கடிதங்களைப் போல் யாரும் ஆளுமையைத் தேடிப் படிப்பதில்லை. அவற்றைத் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்: 1861ஆம் ஆண்டின் ஒரு காலை, ஓர் ஊர், பாரமானி இவ்வளவு, காற்று இந்தத் திசை. அந்த எண்களைக் கொண்டு அன்றைய புயல்களை இன்றைய கணினிகள் மறுபடி கட்டிப் பார்க்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளுக்கான கட்டங்கள் காலியாக இருக்கின்றன.